காலியா, திருகோணமலையா?

விடுமுறை நெருங்குந்தோறும் நம் இல்லங்களில் வழக்கொன்று எழுவது இயல்பு. சென்ற வாரம் அத்தகைய வழக்கு ஒன்று நம் வீட்டு விறாந்தைக்கே வந்து சேர்ந்தது. அயலிலுள்ள நண்பர் ஒருவர், உயர்தர வகுப்பில் வரலாறு பயிலும் தம் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஆவணி விடுமுறையில் குடும்பத்துடன் ஐந்து நாட் பயணம் செல்ல எண்ணம். கடலும் வேண்டும், பழைமையும் வேண்டும். தந்தை திருகோணமலை என்கிறார். மகள் காலி என்கிறாள். "நீங்களே சொல்லுங்கோ மாஸ்டர்" என்று தீர்ப்பை நம் தலையிற் சுமத்திவிட்டு, நண்பர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துகொண்டார்.

அவர் காட்டிய காரணம் ஒன்றுதான்: "திருகோணமலை எங்கட இடம்."

"எத்தனை முறை போயிருப்பீர்கள்?" என்று கேட்டோம்.

"ஆறேழு முறை இருக்கும்."

"கோட்டை வாயிலிலுள்ள கல்வெட்டைப் பார்த்ததுண்டோ?"

நண்பர் பேசவில்லை. அவரைக் குறை கூறுவதற்கில்லை. நம்மவர் பலரின் யாத்திரை அவ்வாறுதான் நடைபெறுகின்றது. வாகனம் பிரெட்றிக் கோட்டை வாயிலுக்குள் நுழைந்து சுவாமிமலையை நோக்கி ஏறும், தரிசனம் முடியும், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடல், பின்னர் வீடு. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தனர் என்பதையும், அக்கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர் என்பதையும் நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஆயினும் அவ்வாயிலிற் பொறித்த இரட்டைக் கயலையும், சிதைந்த தமிழ் எழுத்துக்களையும் நின்று நோக்குவோர் எத்தனை பேர்? இடிந்த கோயிலைக் கடந்தே இன்றைய கோயிலுக்குச் செல்கின்றோம் என்னும் உணர்வு அங்கு ஒரு நிமிடம் நின்றாலன்றித் தோன்றாது. 1950இல் கிணறு வெட்டியபோது மண்ணுள் மறைந்திருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, பழங்கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டனர். 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. இவையாவும் நம் பாட்டன்மார் காலத்துச் செய்திகள்தாம். எட்டாத பழங்கதைகள் அல்ல.

இங்கு நம்மைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நாம் திருகோணமலையை முதன்முதலிற் கண்டது 1999இல், பல்கலைக்கழகம் செல்லும் வழியில். தரைவழி மூடப்பட்டிருந்த காலம். காங்கேசன்துறையிற் கப்பலேறி, இரவெல்லாம் குமட்டலோடு போராடி, திருகோணமலையில் இறங்கினோம். பெட்டிகளைச் சோதனைக்குத் திறந்து வைத்துவிட்டு வரிசையில் நின்றமையன்றி, புகழ்பெற்ற அத்துறைமுகத்தின் அழகொன்றும் நினைவில் இல்லை. காலியையோ கண்டதே இல்லை. அக்கோட்டையின் படத்தைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்து கற்பித்த நாம், அங்கு கால் வைத்தபோது நம் வயது முப்பத்தைந்து. ஆதலின், காலி வேண்டுமென்ற அப்பிள்ளையின் ஆவலை எளிதில் ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

காலி வேறு வகையான நகரம். 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெருக்கிய கோட்டை இன்றும் வாழும் ஊராக இருக்கின்றது. பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்னும் ஆண்டும், ஒல்லாந்தக் கும்பனியின் முத்திரையும், மேலே ஒரு சேவலும் காணலாம். மதிலின்மேல் மாலையில் நடந்தால் வெளிச்சவீடும், பார்வைக்குக் கிறித்தவ தேவாலயம் போலத் தோன்றும் பள்ளிவாசலும் அருகருகே தென்படும். தலைமுறைகளாக அங்கு வாழும் சோனகர் இல்லங்களிலிருந்து தமிழும் காதில் விழும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வெளியே பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் அழித்தபோது, கோட்டையினுள் இருந்தோரை அம்மதில்களே பெரிதும் காத்தன. பழைய வீடுகள் பல இன்று விடுதிகளாகிவிட்டன. அவற்றின் வாடகையைக் கேட்டால் ஆசிரியர் குடும்பம் மதிலுக்கு வெளியே தங்குவதே நன்று எனத் தோன்றும்.

"காலியில எங்களுக்கு என்ன இருக்கு?" என்றார் நண்பர்.

மகளே விடையளித்தாள். சீனக் கடற்றளபதி செங் கோ 1409ஆம் ஆண்டிட்ட கல்வெட்டொன்றை இத்தீவில் நிறுத்தினார். அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேவந்துறையிற் கோயில் கொண்ட தென்னாவர நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றன. அக்கல் 1911இல் காலியில் வடிகால் மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. பிள்ளை நன்றாகத்தான் படித்திருக்கின்றாள். கல் இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது என்பதை மட்டும் நாம் சேர்த்துரைத்தோம். அவள் முகம் சற்று வாடியது.

எனினும் தீர்ப்பை வழங்கியது காற்று. ஆவணியிற் சோளகம் வீசும். தென்மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கும். காலியில் மதிலின்மேல் நின்று அலையைப் பார்க்கலாமேயன்றி, பிள்ளைகளை நீரில் இறக்கலாகாது. அதே வேளையில் நிலாவெளிக் கடல் குளம்போற் கிடக்கும். புறாமலைக்குப் படகிற் சென்று பவளப் பாறைகளைப் பார்க்கலாம். வெயில் மட்டும் கடுமை. மார்கழியில் நிலைமை தலைகீழ்: வாடைக்காற்றும் மழையும் திருகோணமலையில், அமைதி காலியில். கடலை எண்ணாது ஊரை மட்டும் எண்ணி விடுதி பதிவு செய்து, ஐந்து நாளும் அறைக்குள் மழை பார்த்த குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆகவே ஆவணிக்குத் திருகோணமலை என்றோம். ஆனால் ஒரு நிபந்தனை: கோட்டை வாயிலில் வாகனத்தை விட்டு இறங்கி, அங்கிருந்து கோயில்வரை நடந்தே செல்லவேண்டும், வழிகாட்டி மகள். மார்கழியில் காலி; போகும் வழியில் கொழும்பில் ஒருநாள் தங்கி நூதனசாலைக் கல்லைப் பார்த்துவிட்டு, கரையோரப் புகையிரதத்தில் வலப்பக்கச் சாளரத்தருகே அமரவேண்டும்.

நண்பர் நடப்பதற்கு உடன்பட்டார். மார்கழியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. படலையைத் திறந்து வீதியில் இறங்கும்வரை மகள் அவரிடம் அதையே கேட்டுக்கொண்டு சென்றாள்.