இரண்டு ஆரணிகள்

கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கென்று சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர், தங்கள் பூர்விக ஊர் எதுவென்று அறியும் வேட்கையோடு நம்மை நாடி வருகின்ற காலம் இது. அவர்கள் கையிலே பெரும்பாலும் கப்பல் பட்டியலிலிருந்து எடுத்த ஒரே ஒரு வரியின் நகலைத் தவிர வேறு ஆதாரம் இராது. அந்த வரியில் ஆரணி என்ற பெயரைக் கண்டவுடனே, வம்சாவளி ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொண்ட நம்மவரிற் சிலர், பட்டு நெசவுக்குப் பேர்போன பழைய வட ஆர்க்காட்டு ஆரணிதான் அது என்று தீர்மானித்து, வந்தவரைத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே, ஆரணியாற்றின் கரையில், முன்பு செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இன்னோர் ஆரணி இருக்கிறது என்பதும், செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஆகிய இரண்டு ஜில்லாக்களுமே கூலிகளை மிகுதியாக அனுப்பியவை என்பதும் அவசரத்தில் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதற்கொண்டு, 1911-இல் நேட்டால் குடியேற்றம் நிறுத்தப்பட்டது வரையில், அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுக்கென வைத்திருந்த பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், அங்க அடையாளம் என்று பத்திகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தறியாத ஒருவர் வாயால் சொன்னதை, அவருடைய ஊரைக் கண்டிராத குமாஸ்தா தம் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்து அது. ஆகையால் கிராமத்தின் பெயர் சிதைந்திருக்கலாம், ஆனால் ஜில்லாவின் பெயரும் தாணாவின் பெயரும் சர்க்கார் காகிதங்களில் நாள்தோறும் புழங்கியவையாதலால் அவ்வளவாகச் சிதைவதில்லை. தாணா பொன்னேரியாயிருந்தால் ஆரணியாற்றங்கரை ஆரணி. ஜில்லா வட ஆர்க்காடாயிருந்தால் மற்றது. வந்தவர் கொண்டுவந்த நகலில் அந்தப் பத்திகள் விடுபட்டிருந்தால், மூலப் பக்கத்தை வரவழைக்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது. மூலப் பக்கம் வந்தபின், அந்த ஒரு வரியோடு நில்லாமல், அதற்கு மேலும் கீழுமுள்ள எண்களையும் வாசிக்க வேண்டும். கூட்டமாகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே விழுந்திருக்கும். ஒருவருடைய ஊர் தெளிவில்லாதபோது பக்கத்து எண்காரரின் ஊர் அதைத் துலக்கிவிடுவதுண்டு.

ஜில்லாவின் எல்லையும் நிலையாக நின்றதில்லை. திருத்தணி 1911 வரையில் வட ஆர்க்காட்டிலும், பின்பு சித்தூரிலும் இருந்து, 1960-இல் செங்கற்பட்டுக்கு வந்தது. அதே எல்லை மாற்றத்தின்படி பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்தின் சத்தியவேடு பக்கம் போயின. திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததோ 1997-இல். ஆகவே, 1890-இல் பொன்னேரி தாலுகா என்று எழுதப்பட்ட ஒரு கிராமத்தை இன்றைய தமிழ்நாட்டுப் படத்தில் மட்டும் தேடி, காணவில்லை என்று கைவிடுவது முறையன்று.

போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்றவர்களின் சந்ததியாரும் பூர்விக ஊரைத் தேடும் இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுடைய பாக்கியத்தைக் கண்டு நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன். ஆஸ்திரியச் சக்கரவர்த்தி இரண்டாம் யோசேப்பு 1784-இல் பிறப்பித்த ஆணையால், அந்நாடுகளில் அடங்கிய கலீசியாவின் பாதிரிமார் அரசாங்கப் பதிவாளராகவும் ஆயினர். பிறப்பு, விவாகம், மரணம் ஒவ்வொன்றையும், வீட்டின் இலக்கத்தோடும், பிறப்பாயின் ஞானப் பெற்றோரின் பெயரோடும், லத்தீனில் பத்திகளிட்டு எழுதினர். அந்தப் புத்தகங்களில் எஞ்சியவை லுவிவ், பிஷெமிசில் முதலிய நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. கோவிலின் பெயர் தெரிந்துவிட்டால் மூன்று நான்கு தலைமுறைகள் ஒரே வீட்டிலக்கத்தின் கீழே வரிசையாக எழுந்து நிற்கும். ஆனால் அவர்களுக்கும் முதல் இடறல் நமக்கு வாய்த்ததேதான்: வோலா என்ற பெயரால் அங்கே எத்தனையோ கிராமங்கள் உண்டு, எந்த வோலா என்று தெரியாதவனுக்கு எந்தக் கோவிலின் புத்தகமும் திறக்காது.

நம்மிடத்திலும் கோவில் பதிவேடுகள் இல்லாமலில்லை. ட்ரூரோவின் பட்டியலிலேயே கிறிஸ்தவர் என்று குறிக்கப்பட்டவர் சிலர் உண்டு. அத்தகையோருக்குப் பழவேற்காடு போன்ற பழைய பங்குகளின் ஞானஸ்நான ஏடும் விவாக ஏடுமே முதற் சாதனம். பங்குக் குருவானவரிடம் முறையாக அனுமதி பெற்று, பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வராமல், ஞானத் தகப்பன், ஞானத் தாய் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு வருவது நம் வழக்கமாக வேண்டும். கப்பலேறியவருடைய பெற்றோரின் உறவினர் யார் யார் என்பது அங்கேதான் புலப்படும்.

மற்றவர்களுக்கு, அதாவது போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, அத்தகைய ஏடு கிடையாது. 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டுச் சீமையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து எடுத்த கணக்கு, இன்ன ஊரில் இன்ன குடியினர் இத்தனை வீடு என்று சொல்லுமேயன்றி, கப்பலேறியவரின் வம்சாவளியைச் சொல்லாது. ஆயினும் பட்டியலில் கண்ட ஜாதியார் அந்த ஊரில் குடியிருந்தார்களா என்ற கேள்விக்கு அது ஓரளவு விடை தரும். 1899-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பின் கிராம முன்சீபு எழுதிய ஜனன மரணப் பதிவு, கர்ணத்தின் நிலக் கணக்கு, குலதெய்வத்தைப் பற்றிய வாய்மொழி ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே முடிவுக்கு வர இயலும். 1980-இல் கர்ணம் பதவி நீங்கியபோது கர்ணக் குடும்பங்களின் வீடுகளிலேயே தங்கிப்போன கணக்குகள் உண்டு. கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள் வந்து, நிலங்கள் கைமாறி, குடும்பங்கள் இடம் பெயர்ந்து வருகின்ற இந்நாளில், அவற்றைத் தேடிப் படியெடுப்பது இன்னும் பத்து வருஷத்துக்குத் தள்ளிப்போடக் கூடிய காரியமன்று.

தவறான ஊரைக் காட்டுவதைவிட ஊர் தெரியவில்லை என்று சொல்வது மேல் என்பது என் திடமான அபிப்பிராயம். கடல் கடந்து வந்தவர் நாம் காட்டிய ஊரின் மண்ணை எடுத்துப் போகிறார். அங்குள்ள அம்மனுக்குப் பொங்கலிட்டுத் தம் பிள்ளைகளுக்கும் அந்த ஊரையே சொல்லி வைக்கிறார். பிறகு உண்மை தெரிந்தாலும் அதை அவருடைய நெஞ்சிலிருந்து எடுக்க முடியாது. ஆகையால் நாம் தரும் அறிக்கை ஒவ்வொன்றிலும் கிராமத்தின் பெயருக்கு முன்னே பட்டியலிற் கண்ட ஜில்லாவையும் தாணாவையும் எழுத்துப் பிசகாமல் அப்படியே பெயர்த்தெழுதி, இன்றைய தாலுகாவை அதன் பக்கத்தில் தனியே குறித்து, உறுதியானது இது, ஊகம் இது என்று பிரித்துக் காட்டி, மூலப் பக்கத்தின் நகலையும் இணைத்துக் கொடுக்குமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முன்பே ஆரணி என்று எழுதிக் கொடுத்த அறிக்கைகளை வைத்திருப்பவர்கள், தாணாப் பத்தியை இன்னொரு முறை பார்த்து, ஊர் மாறியிருந்தால் உரியவருக்குக் கடிதம் எழுதிவிட வேண்டும்.