வைகறை மூன்றரை மணி வகுப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் முன் விறாந்தையிலே, கண்ணாடிச் சட்டத்துள் இலண்டன் சர்வகலாசாலையின் பட்டப் பத்திரம் தொங்குவதை இன்றுங் காணலாம். அதற்குரியவர் இலண்டன் மாநகரைக் கண்டேயிரார். அச்சர்வகலாசாலை 1858ஆம் ஆண்டிலே தன் பரீட்சைகளை வெளியாருக்குந் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பிலே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இலண்டன் பரீட்சைகளுக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. பகலிற் படிப்பித்து, இரவில் லாம்பின் முன்னிருந்து படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் எத்துணைப் பேர்! ஆகவே, இணையவழிப் பட்டம் என்றதும் முகஞ் சுளிக்கும் பெரியோரைக் காணும்போது எமக்குச் சிறிது நகைப்பு உண்டாகின்றது. தபாலில் வந்த பாடம் இப்பொழுது கணினியில் வருகின்றது, அவ்வளவே வேறுபாடு என நாமும் எண்ணியிருந்தோம். அவ்வளவன்று என்பதை எமது பழைய மாணவி ஒருத்தி எமக்குக் காட்டினாள்.

அவள் விஞ்ஞானப் பட்டதாரி. அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்று, ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் அமர்ந்தாள். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது, கணினி தெரிந்தவள் என்ற ஒரே காரணத்தால், தனிமைப்படுத்தப்பட்டோர் விபரமெல்லாம் அவள் தலைமேல் விழுந்தன. அவ்வாண்டு சனவரி மாதத்திலேயே, வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் பிரயாணிகளைக் கண்காணிப்பதற்கு நம் நாட்டவர் ஒரு கணினி முறைமையை ஆக்கினர். டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் இலவச மென்பொருளே அதற்கு அத்திவாரம். அம்மென்பொருள் 1990களில், நிறவெறி ஆட்சி நீங்கிய தென்னாபிரிக்காவில் முளைத்து, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பராமரிப்பில் வளர்ந்தது. இலங்கையர் செய்ததைக் கண்டு பிறநாடுகளும் அதனைக் கைக்கொண்டன. இதனை அறிந்த நாள்முதல், முறையாகக் கற்க வேண்டுமென்ற ஆசை அவளைப் பற்றிக்கொண்டது. கொழும்பிலே பட்டப்பின் மருத்துவ நிறுவனம் இத்துறையை அண்டிய முதுமாணிப் படிப்பொன்றை 2009 முதல் நடத்தியதாயினும் அது வைத்தியர்களுக்கு உரியது. எனவே 2021இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், பொதுச் சுகாதாரத் தகவலியலில் முதுமாணிப் பட்டத்துக்கு இணையவழியே பதிந்தாள். பெயர் ஈண்டு வேண்டா.

அஃதென்ன தகவலியல் என்று வாசகர் வினவலாம். 1854இல் இலண்டனிலே வாந்திபேதி பரவியபோது, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தவர் வீடுகளைப் படத்திற் குறித்து, புறோட் வீதியின் தண்ணீர்ப் பம்பிலே கொண்டுபோய் விரலை வைத்தார். அவர் கைப்படச் செய்ததைப் பல்லாயிரம் படிவங்களைக் கொண்டு நாள்தோறுஞ் செய்வதே இக்கல்வி. தொற்றுநோயியல், புள்ளிவிபரவியல், தரவுத்தளம், தேசப்படம், நோயாளியின் இரகசியம் காத்தல் எனப் பாடங்கள் விரியும்.

அங்கே மாலை ஆறு மணி வகுப்பு, இங்கே வைகறை மூன்றரை மணி. குளிர்காலத்தில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிவைத்தால் நாலரை. பிள்ளை விழித்து அழாதிருக்கக் குசினியிலே இருந்து படித்தாள். முதலாண்டு இவ்வாறு கழிந்தது. 2022 மார்ச்சில் வந்தது சோதனை. ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், இரண்டே மாதத்தில் 360 ரூபாவையுங் கடந்தது. கட்டணமோ டொலரில். அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. காப்பு ஏற்கெனவே அடைவிற் கிடந்தது; எஞ்சியிருந்தது தாலிக்கொடி. கணவன் நல்லவன். வேண்டாமென்று சொல்லவில்லை, வேண்டுமென்றுஞ் சொல்லவில்லை. புள்ளிவிபரப் பாடத்திலும் முதற் பரீட்சை பிழைத்தது. ஒருநாள் மாலை எம்மிடம் வந்து, “சேர், இனி ஏலாது, விடப்போறன்” என்றாள்.

விடு என்றும் விடாதே என்றும் நாம் கூறவில்லை. பிழைத்த கணக்கை மாத்திரம் கேட்டோம். ஆயிரம் பேரிலே பத்துப் பேருக்கு ஒரு நோய். பரிசோதனை, நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாதாரிற் பத்தில் ஒருவரைப் பிழையாகவும் பிடிக்கும். பிடிபட்ட ஒருவருக்கு மெய்யாகவே நோயிருக்கும் வாய்ப்பு யாது? பத்துக்கு ஒன்பது என்று அவள் எழுதியிருந்தாள். அநேகர் அவ்வாறே எழுதுவர். கொப்பித் தாளில் ஆயிரம் பேரையும் பிரித்துப் போட்டோம். மெய் நோயாளர் ஒன்பது. வீணாகப் பிடிபட்டோர் 990இற் பத்திலொன்று, அதாவது 99. ஆக 108 பேரில் ஒன்பதே பேர். பன்னிரண்டு பேருக்கு ஒருவர்! பிள்ளை சற்றுநேரம் தாளையே பார்த்திருந்து, “அப்ப மிச்சப் பேருக்கு நாங்கள் வீணாப் பயத்தைக் குடுத்திருக்கிறம்” என்றாள். கணக்கைச் செய்ததும் அதிலுள்ள மனிதரைக் கண்டவளை, நாம் எமது இருபதாண்டு ஆசிரியத் தொழிலிற் சிலரைத்தான் கண்டிருக்கின்றோம். தாலிக்கொடி அடைவுக்குப் போயிற்று. அது சரியோ பிழையோ என்று நாம் பல இரவுகள் எண்ணியதுண்டு.

பின்னர் நிகழ்ந்த ஒன்று எமக்குப் பெருமை தந்தது. ஒரே நோயாளியின் பதிவுகளைக் கணினி எவ்வாறு இனங்காணும் என்ற பாடத்திலே, பேராசிரியர் குடும்பப் பெயரை வைத்தே எல்லாவற்றையும் விளக்கினாராம். எங்கள் சனத்துக்குக் குடும்பப் பெயரே இல்லையென்று இவள் எழுந்து கூறினாள். தந்தை பெயரின் தலையெழுத்து முன்னே நிற்கும். கலியாணம் முடித்தாற் கணவன் பெயர் வந்து சேரும். சிவகாமி என்பதை ஓர் இலிகிதர் ஆங்கிலத்தில் ‘எஸ்’ இட்டுத் தொடங்குவார், மற்றவர் ‘சி’ இட்டுத் தொடங்குவார். வைத்தியசாலையில் ஒருத்தி, கிளினிக்கில் வேறொருத்தி. கணினிக்கு இருவர், ஊருக்கு ஒரே சிவகாமி. அன்று வகுப்பு முழுவதும் அவளிடமே கேள்வி கேட்டது. இலண்டன் பரீட்சைக்குப் படித்த எங்கள் முன்னோர் அங்கிருந்து பெற்றனரேயன்றி, திருப்பிச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு ஏது?

இறுதியாண்டு ஆய்வுக்கு டெங்குவை எடுத்தாள். 2017இல் இந்நாட்டில் ஓர் இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்த காய்ச்சல் அது. டெங்கு என்று ஐயுற்ற மாத்திரத்தே, வைத்தியசாலையானது எச். 544 என்னும் படிவத்தைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிச் சென்று, நுளம்பு பெருகும் இடங்களை அழிப்பிப்பார். தன் பணிமனையின் பழைய பதிவேட்டை இவள் புரட்டினாள். ஒரு சிறுவனின் படிவம், அவன் விடுதியில் அனுமதிக்கப்பட்டு ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்திருந்தது. முகவரியும் பெரியம்மாவின் வீட்டு முகவரி. நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் போதும். படிவம் வருமுன்னே ஒரு தலைமுறை நுளம்பு எழுந்துவிடும். அதே ஒழுங்கையில் அடுத்த இரு வாரத்துள் மேலும் மூவர் பெயர் பதிவாகியிருந்தது. அவர்களுள் ஒருத்தி இவளுடன் படித்தவள். பிழைத்துக்கொண்டாள், ஆயினும் அப்பக்கத்தைக் காட்டியபோது இவள் குரல் தழுதழுத்தது.

இப்படிப்பை நாடும் இளைஞருக்கு இரண்டு சொல்ல விரும்புகின்றோம். அப்பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்பதைப் பணங் கட்டுமுன் எழுத்திற் கேட்டறிக. சம்பளத்தை மாத்திரம் கருதினால், அந்தப் பணத்தில் ஒரு பரப்புக் காணியை வாங்குதல் மேல்.

அவளுக்குப் பட்டப் பத்திரம் வந்துவிட்டது. “இனி மருமகள் டொக்டரோ?” என்று மாமியார் ஊரெல்லாம் விசாரித்தாராம். பதவியும் பழையது, மேசையும் பழையது. காப்பை மீட்டுவிட்டார்கள், தாலிக்கொடி இன்னும் இல்லை. ஆனால் நாள்தோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு, அதிகாரியின் அனுமதியுடன், அவள் வைத்தியசாலையின் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்குத் தொலைபேசி எடுக்கின்றாள். அன்று அனுமதிக்கப்பட்டவர் பெயரையும், காய்ச்சல் தொடங்கியபோது அவர் உறங்கிய வீட்டையும் கேட்டுக் குறித்துக்கொள்கின்றாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார்ச் சைக்கிளிற் புறப்படுமுன் அத்துண்டு அவர் கையிற் சேர்ந்துவிடும். படிவம் பிறகு ஆறுதலாக வரும்.