புஷ்ஷா, பேரிங்கா?

உத்திரமேரூர் வட்டார ஊர்களில் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ, எங்கே போனாலும் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. தை அறுவடையில் நெல் தூசி, சித்திரையில் வெயில். இரண்டிலும் முதலில் அடிவாங்குவது கம்ப்யூட்டருக்குள் சுழலும், உள்ளங்கை அகலமே உள்ள ஃபேன்தான். மலிவான ஃபேனில் தண்டு சுழல்வது எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷில். புதிதில் சத்தமே இருக்காது. சூட்டில் எண்ணெய் வற்றி, தூசியும் சேர்ந்தால் புஷ் தேய்ந்து, தண்டு ஆட்டம் கொடுக்கும். காலையில் சுவிட்ச் போட்டதும் ‘கர்ர்’ என்று இழுக்கும். பால் பேரிங் ஃபேனிலோ புஷ்ஷுக்குப் பதில் சிறு எஃகுக் குண்டுகள் உருளுகின்றன. சத்தம் சற்றுக் கூடுதல்தான். ஆனால் சூட்டைத் தாங்கும். நிறுத்தி மாட்டினாலும் படுக்கவைத்து மாட்டினாலும் ஓடும். புஷ்ஷுக்குச் சுமார் 30,000 மணி நேரம், பேரிங்குக்கு 50,000-க்கு மேல் என்று ஆயுள் சொல்வது தயாரிப்பாளர்களின் வழக்கம். குளுகுளு அறைக்குப் புஷ் போதும். நம் ஊர்க் கடைக்குப் போதாது. அச்சுக்கு மை போடாமல் வண்டி பூட்டாதவர்கள் நாம். தேய்மானம் நமக்குத் தெரியாததல்ல. சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவரை, ஒரு சின்ன ஃபேன் பழுதாகிக் கம்ப்யூட்டரை நிறுத்தி, திருப்பி அனுப்பக் கூடாது. அடுத்த முறை ஃபேன் மாற்றும்போது, விலை கொஞ்சம் கூடினாலும், பால் பேரிங் உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.