ஆழம் பார்க்காமல் அட்டையை நம்பலாமா?

இவ்வாரம் பாடநூலைப் பற்றியோ பயிற்றியைப் பற்றியோ எழுதப் போவதில்லை. விரல் நக அளவுள்ள ஒரு நினைவட்டையைப் பற்றி எழுதுகிறேன். சிறு பொருள்தானே என்று எண்ணி நான் செய்த தவற்றை மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் செய்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

2021ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியர்களின் தோளில் முன்னைவிடக் கூடுதலாக விழுந்துள்ளதை நாம் அறிவோம். எழுத்துத் திறனுக்குப் பயிற்சிப் புத்தகம் சான்றாகும். கேட்டல், பேச்சுத் திறனுக்கு எது சான்று? நம்மில் பலர் மாணவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கிறோம். நானும் அவ்வாறே செய்து வருகிறேன்.

கடந்த ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு சிறு திட்டப்பணி கொடுத்தேன். தோட்டத்தில் வேலை செய்த தாத்தா அல்லது பாட்டியை ஒவ்வொருவரும் நேர்காணல் செய்ய வேண்டும். பெரட்டு எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மரம், லயத்து வீட்டில் எத்தனை பேர் என்று கேள்விகளை மாணவர்களே தயாரித்தார்கள். 23 மாணவர்கள், 23 பதிவுகள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். சிலர் பள்ளிக்கு வந்தனர். வர இயலாதவர்களின் வீட்டிற்கு நானே சென்று பதிவு செய்தேன்.

என் கைப்பேசியில் இடம் போதவில்லை. இணையக் கடையொன்றில் 128 ஜி.பி. நினைவட்டை 15 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. நகரத்துக் கடையில் அதே அளவுள்ள அட்டை அதைப் போல் மூன்று மடங்கு விலை சொன்னார்கள். என் சொந்தப் பணம்தானே, சிக்கனமாக இருப்போம் என்று வாங்கினேன். கைப்பேசியில் போட்டதும் 128 ஜி.பி. என்றே காட்டியது. ஒவ்வொரு பதிவையும் எடுத்த கையோடு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது.

மூன்று வாரம் கழித்து அட்டையைப் பள்ளிக் கணினியில் செருகினேன். 23 கோப்புகளின் பெயர்களும் வரிசையாக இருந்தன. அளவும் சரியாக இருந்தது. முதல் 14 திறந்தன. பதினைந்தாவது முதல் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

முதலில் என் மீதே ஐயம் வந்தது. அட்டையை முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கிவிட்டேனோ? பதிவின் நடுவே மின்கலம் தீர்ந்துவிட்டதோ? இவையும் கோப்பைக் கெடுக்கும் காரணங்களே. ஆனால் அப்படிக் கெடும்போது பெரும்பாலும் அந்த நேரத்தில் எழுதப்பட்ட ஓரிரு கோப்புகளே கெடும். ஒன்பதும் வரிசையாகக் கெட்டிருந்தன. அட்டைப் படிப்பியை மாற்றிப் பார்த்தேன். அட்டையின் தங்கநிறத் தகடுகளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பழைய படிப்பிகள் சில 32 ஜி.பி.க்கு மேற்பட்ட அட்டைகளை அறியாமல், 'வடிவமைக்கவா?' என்று கேட்கும். அப்போது 'ஆம்' என்று அழுத்திவிடக் கூடாது. வேறு படிப்பியைத் தேடவேண்டும். எனக்கு அந்தச் சிக்கலும் இல்லை. மூன்று கணினிகளிலும் அதே 14, அதே 9.

பிறகு போட்டோரெக் என்னும் இலவச மென்பொருளை இயக்கினேன். பெயர்ப் பட்டியல் சிதைந்திருந்தாலும், அட்டையில் உள்ள தரவுகளின் அமைப்பை வைத்தே படங்களையும் காணொளிகளையும் அது தேடியெடுக்கும். மீட்டவற்றை அதே அட்டையில் சேமிக்காமல் கணினியில் சேமித்தேன். அதற்கும் அந்த 14 மட்டுமே கிடைத்தன.

கிடைத்த அனைத்தையும் பத்திரப்படுத்திய பின்னரே அட்டையைச் சோதித்தேன். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சிறிய இலவச மென்பொருள் உண்டு. அது அட்டை நிறையும்வரை தரவுகளை எழுதி, பிறகு எழுதியதெல்லாம் அப்படியே இருக்கின்றனவா என்று திரும்பப் படித்துப் பார்க்கும். லினக்ஸ், மேக் கணினிகளில் எஃப்3 என்னும் மென்பொருள் இதே வேலையைச் செய்யும். விடை வந்தது. 128 ஜி.பி. என்று முகத்தில் எழுதியிருந்த அட்டையின் உண்மையான கொள்ளளவு ஏழு ஜி.பி.க்குச் சற்றுக் கூடுதல். என் பதிவு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 எம்.பி. பதினான்கோடு அட்டை நிரம்பிவிட்டது.

இது எப்படி நடக்கிறது? அட்டைக்குள் தரவைத் தாங்கும் சில்லு ஒன்று. அதை மேற்பார்க்கும் கட்டுப்படுத்தி ஒன்று. 'எனக்குள் எவ்வளவு இடம் உள்ளது' என்று கைப்பேசிக்குச் சொல்வது கட்டுப்படுத்திதான். அதற்குப் பொய் சொல்லக் கற்பித்துவிட்டால், கைப்பேசி அதை அப்படியே நம்பிவிடும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வரும் தரவு காற்றில் போகும். அல்லது பழைய தரவின் மேலேயே எழுதப்படும். பெயர்ப் பட்டியல் அட்டையின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் ஒழுங்காகத் தெரியும். எடுத்தவுடன் ஓட்டிப் பார்த்தபோது ஓடியதே என்றால், புதிதாக எழுதிய தரவைக் கைப்பேசி சிறிது நேரம் தன் சொந்த நினைவகத்திலும் வைத்திருக்கும். நான் பார்த்தது அதைத்தான். ஆக, அந்த ஒன்பது பதிவுகளும் அழியவில்லை. அவை ஒருபோதும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எட்டு வீடுகளுக்கு மீண்டும் சென்றேன். எட்டு தாத்தா பாட்டிகளும் முகம் சுளிக்காமல் மறுபடியும் பேசினார்கள். ஒன்பதாவது வீட்டுக்குச் செல்ல வழியில்லை. அந்தத் தாத்தா, நான் பதிவு செய்த இரண்டாம் வாரத்திலேயே காலமாகிவிட்டார். காரியம் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பேரன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், தாத்தா வீடியோவ எனக்கும் கொடுப்பீங்களா? அம்மா கேட்டாங்க" என்பதுதான்.

அன்று அவனிடம், "பார்க்கிறேன் ஐயா" என்றேன். மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். அவன் தாயார் என்னைக் குறை கூறவில்லை. "பரவாயில்லைங்க டீச்சர், அட்டை கெட்டுப்போனா நீங்க என்ன செய்வீங்க" என்றார். அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அட்டை கெட்டுப்போகவில்லை, வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்தது. சோதிக்காமல் விட்டதும், மூன்று வாரம் ஒரே நகலை வைத்திருந்ததும் நான்தான். பேரனும் நானும் அமர்ந்து, தாத்தா சொன்னவற்றில் நினைவில் இருந்ததை ஒரு நோட்டில் எழுதினோம். இரண்டரைப் பக்கம் வந்தது. குரல் வரவில்லை.

'மலிவாக வாங்கியதால் வந்த வினை' என்று சிலர் சொல்லக்கூடும். அது பாதி உண்மை. பெயர்பெற்ற நிறுவனங்களின் அட்டைகளுக்கும் போலிகள் உள்ளன. விலை கூடிய அட்டையும் ஒருநாள் பழுதாகும். ஆகவே விலை மட்டுமே காவல் ஆகாது, சோதனைதான் காவல். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வகுப்பில் பழமொழி கற்பிக்கும் நாம், ஆழம் பார்க்காமல் அட்டையை நம்பலாமா?

'மேகச் சேமிப்பில் ஏற்றிவிட்டால் போதுமே' என்பாரும் உளர். நல்ல வழிதான். ஆனால் இணைய வேகம் எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றுபோல் இல்லை. மாணவர்களின் முகமும் குரலும் உள்ள பதிவை எங்கே, யார் பார்க்கும்படி வைக்கிறோம் என்பதில் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். மேகம் இரண்டாவது நகலாக இருக்கட்டும்; அதுவே ஒரே நகலாக இருக்க வேண்டாம்.

என் வேண்டுகோள் இவைதான். புதிய நினைவட்டையோ விரலியோ வாங்கினால், முதல் நாளே, காலியாக இருக்கும்போதே முழுமையாகச் சோதித்துவிடுங்கள். நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் 64 ஜி.பி. அட்டையை நிரப்பவே ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரமாகும். திரும்பப் படிக்க மேலும் நேரம் எடுக்கும். பாடவேளையில் ஓடவிட்டுச் செல்லலாம். பதிவு செய்த அன்றே கணினிக்கு நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து பாருங்கள். இரண்டாவது நகலை வேறோர் இடத்தில் வையுங்கள். கோப்பு திறக்கவில்லை என்றால் அந்த அட்டையில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள். பிழை திருத்தும் கட்டளைகளையும் உடனே இயக்காதீர்கள். முதலில் மீட்பு, பிறகே பழுதுபார்ப்பு.

பள்ளி நிருவாகத்திற்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடுகிறோம், பரிசுக் கோப்பை வாங்குகிறோம். பள்ளியின் பதிவுகளைக் காக்க நல்ல வன்தட்டு ஒன்றை ஏன் பட்டியலில் சேர்ப்பதில்லை? ஆசிரியரின் கைப்பேசியும் ஆசிரியரின் பணமும் உள்ளவரை, ஆசிரியர் மலிவைத்தான் தேடுவார். இழப்போ மாணவருக்கு.

பெற்றோரே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். அவர் குரலை இவ்வாரம் பதிவு செய்யுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். இரண்டையும் திறந்து பாருங்கள்.

அந்த அட்டையை நான் வீசிவிடவில்லை. 'உண்மை அளவு 7 ஜி.பி.' என்று காகிதத்தில் எழுதி ஒட்டி, என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.