படத்துக்குக் கீழே நாலு வரி

பெருமாநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் ஸ்டுடியோ வைத்திருக்கிறாராம். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டதால், பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குக்கூட ஆள் வருவது குறைந்துவிட்டது. கடை வாடகை மூன்று மாதம் நிற்கிறது. "கடையை மூடிவிட்டு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போயிடட்டுமா என்கிறார், நான் என்னங்க சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். வடகமும் கைவைத்தியமும் எழுதுகிற பக்கத்துக்கு இது புதுக் கேள்விதான். ஆனால் அடுப்பெரிவதே அதை நம்பித்தானே இருக்கிறது! அதனால் இந்தத் தடவை இதையே எடுத்துக்கொண்டேன்.

செல்போன் வந்ததால் போட்டோக்காரரைத் தேடுகிறவர்கள் இல்லாமல் போய்விடவில்லை, சகோதரிகளே. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்றால் இன்றைக்கும் தேடத்தான் செய்கிறோம். யாரைக் கூப்பிடுவது என்றுதான் தெரிவதில்லை. பத்து ஸ்டுடியோ நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். பத்திலும் "தரமான சேவை, நியாயமான விலை" என்றே இருக்கும். எங்கள் தெரு மளிகைக்கடை நோட்டீஸிலும் அதேதான். அதை வைத்து எப்படி ஆளைத் தேர்ந்தெடுப்பதாம்?

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு நடக்கிற சீர். அக்கா தங்கையாய்ப் பிறந்தவளுக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. உறவில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய கேமராவோடு ஒருவர் வந்தார். இணைச்சீர் நடக்கிற நேரத்தில் மனுஷர் பந்தியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! கேட்டதற்கு, "அது முக்கியமாங்க, எனக்குத் தெரியாதே" என்றார். ஆல்பத்தில் மணப்பெண் கன்னத்தில் கை வைத்த படம் மட்டும் முப்பது. மாப்பிள்ளையின் அக்கா இன்றைக்கும் அந்த ஆல்பத்தைத் தொடுவதில்லை.

அதனால் அடுத்த கல்யாணத்துக்கு ஆள் பார்த்தபோது என் அண்ணி உஷாராக இருந்தார். வந்தவர்களில் ஒருவர் மட்டும் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் முகூர்த்தக்கால் நடுவதிலிருந்து ஒவ்வொரு சீரையும் வரிசையாக எழுதி, எதற்கு எங்கே நிற்பார், மங்கல வாழ்த்து பாடும்போது மேடையில் யார் யாரை எடுப்பார் என்றுகூடக் குறித்திருந்தார். மற்றவர்களைவிடக் கூலி கொஞ்சம் அதிகம்தான். "இவருக்கு நம்ம சீர் தெரியுதுங்க" என்று சொல்லி அண்ணி அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டார். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தது அந்த ஒரு தாள்தான்.

படத்தோடு எழுத்தும் போவது ஒன்றும் புதிதல்ல. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் முயற்சியில் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது 1857-லேயே. அந்தக் காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோக்காரராக இருந்து, மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் எல்லாம் பெட்டி கேமராவைச் சுமந்துபோய்ப் படம் எடுத்தார். 1858-ல் அவை புத்தகங்களாக வந்தபோது, இது எந்தக் கோயில், எந்த மண்டபம் என்று விளக்கக் குறிப்புகளும் கூடவே வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளமாக ஒரே சுருளாகச் செய்திருந்தார். வெறும் படமாக இருந்திருந்தால் அது எந்த ஊர்ச் சுவரோ என்று யாராவது தூக்கி வைத்திருப்பார்கள்.

வியாபாரத்திலும் அப்படித்தான். அமெரிக்காவில் கோடக் கம்பெனி 1888-ல் கொண்டுவந்த கேமராவில் 100 படத்துக்கான சுருள் போட்டே வரும். எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே ஃபாக்டரிக்கு அனுப்ப வேண்டும். பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். கேமராவை விற்றதோடு அந்தக் கம்பெனி நிற்கவில்லை. நல்ல படம் எடுப்பது எப்படி என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி புத்தகமும் போட்டு, பதிப்பு மேல் பதிப்பாகக் கொண்டுவந்தது. நன்றாக எடுக்கத் தெரிந்தவர்கள் அதிகமாக எடுத்தார்கள், அதிகமாக ஃபிலிம் வாங்கினார்கள். தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் தொழில் போய்விடும் என்று பயப்படுகிற வீட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். (அதே கோடக்கின் இன்ஜினியர் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டியும், கம்பெனி ஃபிலிமையே கட்டிப் பிடித்துக்கொண்டிருந்து, 2012-ல் திவால் மனு கொடுத்தது. அது வேறு கதை.)

சரி, என்ன எழுதுவது? எங்கள் வீதியில் ஒரு ஸ்டுடியோக்காரரின் மனைவி செய்ததைச் சொல்கிறேன். கைக்குழந்தையைப் படம் எடுக்க வரும் தாய்மார்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறாள். கிட்டத்தட்ட அவள் எழுதியபடியே தருகிறேன்:

"பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கூட்டி வாருங்கள். தூங்குகிற நேரம் எது என்று முன்பே சொல்லுங்கள், அந்த நேரத்தை உங்களுக்கே ஒதுக்குவோம். மாற்றுத் துணி இரண்டு செட், ஜட்டி நாலு கொண்டு வாருங்கள். திருஷ்டிப் பொட்டு படத்தில் இருக்கணுமா வேண்டாமா என்று சொல்லிவிடுங்கள். ஃபேனும் ஏ.சி.யும் அணைத்துவிட்டுத்தான் துணி மாற்றுவோம். படம் எடுக்கும் வரை நீங்களோ பாட்டியோ ஒரு கை தூரத்திலேயே இருக்கணும். பிள்ளை கையில் மோவாயைத் தாங்கித் தானாக உட்கார்ந்திருக்கிற மாதிரி வெளியே பார்த்த படத்தைக் காட்டி அதேபோல் கேட்காதீர்கள். அது பெரியவர் கை பிடித்திருக்க இரண்டு படமாக எடுத்து, கையை அழித்து ஒட்டுவது. எங்கள் கடையில் அதைச் செய்வதில்லை. சளி, காய்ச்சல் இருந்தால் வேறு நாள் வாருங்கள், முன்பணம் போகாது."

இதில் எங்காவது "வாங்க வாங்க" என்று இருக்கிறதா? இல்லை. ஆனாலும் படிக்கிற தாய்க்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. தலைப்பிள்ளைக்காரிகள் இந்தத் தாளை பீரோக் கதவில் ஒட்டி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகும், செல்போனில் படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்புவார்கள். பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

திருப்பூரில் இருக்கிற போட்டோக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. வீட்டில் ஒரு ஓவர்லாக் மிஷினைப் போட்டு ஜபலாவும் ஃபிராக்கும் தைக்கிற பெண்கள், காதர்பேட்டையில் சரக்கெடுத்து செல்போன் வழியாக விற்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பெரிய தலைவலி கலர்தான். படத்தில் சிவப்பாகத் தெரிந்தது, வாங்கிப் பார்த்தால் மெரூன். "கலர் வேறங்க" என்று சரக்கு திரும்பி வரும், போக வர கூரியர் காசும் நஷ்டம். எங்கள் ஸ்டுடியோக்காரி அதற்கும் ஒரு தாள் எழுதினாள். டியூப்லைட், பல்பு, ஜன்னல் வெளிச்சம் மூன்றையும் கலக்காதே. நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் ஒன்றே போதும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வை, தாள் மஞ்சளாகத் தெரிந்தால் துணியின் கலரும் பொய்தான். ரிப் துணிக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் விழணும், நேராக ஃபிளாஷ் அடித்தால் கோடெல்லாம் தட்டையாகிவிடும். பிசிறு வெட்டி, அயர்ன் பண்ணாமல் படம் எடுக்காதே. இதையெல்லாம் படித்துவிட்டுத் தாங்களே எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று அவள் வீட்டுக்காரர் சண்டை பிடித்தாராம். சிலர் எடுத்துக்கொண்டார்கள்தான். ஆனால் ஐம்பது டிசைன் ஒரே நாளில் எடுக்க வேண்டி வந்தபோது, யார் சொல்லிக் கொடுத்தாரோ அவரிடம்தானே வந்தார்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் கடை காய்கிறபோது இந்த வேலைதான் கை கொடுக்கிறது.

விலையையும் எழுதிப் போடச் சொல்லுங்கள். முன்பணம் எவ்வளவு, ஆல்பம் எத்தனை நாளில் வரும், தாமதமானால் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும். எங்கள் வீட்டுக் காதுகுத்து ஆல்பம் ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து வந்தது. தோடு மாறி, முன்பல்லும் விழுந்து, பிள்ளை ஆளே மாறிவிட்டாள்! தேதி எழுதி வைக்கிற கடைக்காரருக்குப் பாதி சண்டை மிச்சம்.

இங்கே தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக் கண்ணாடியில் மாட்டவோ, விளம்பரத்துக்கோ உங்கள் குழந்தையின் படத்தைக் கேட்காமல் போட்டால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். அதனால் ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஸ்டுடியோ வைத்திருக்கிற சகோதரிக்கும் இதில் நன்மைதான். "உங்கள் பிள்ளை படத்தை வைத்துக்கொள்ளட்டுமா, பெயர் போடலாமா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் அதுவே மரியாதை. பெயரும் வீட்டு விலாசமும் போடாமல் இருப்பதே நல்லது.

"அவருக்கு எழுத வராதுங்க, பில்லே நான்தான் எழுதுவேன்" என்று கடிதத்தில் ஒரு வரி. அப்படியானால் நீங்களே எழுதுங்கள் சகோதரி. பிளஸ் டூ படித்த கைக்கு இது பெரிய வேலையா? எழுதிவிட்டுக் கீழே உங்கள் பெயரையும் போடுங்கள். ஹோமாய் வியாரவாலா என்று ஒரு பார்சி அம்மா, 1913-ல் நவ்சாரியில் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோக்காரர். அவர் எடுத்த படங்கள் ஆரம்பத்தில் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. சுதந்திரம் வந்த நாட்களையும் நேருவையும் எடுத்த அந்த அம்மாவுக்கு பத்ம விபூஷண் வந்தது 2011-ல், 97 வயதில். அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். லைட் பிடிப்பதும் பிள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதும் ஆல்பம் ஒட்டுவதும் நீங்கள், போர்டில் மட்டும் அவர் பெயர் என்றால் எப்படி?

கடைசியாக ஒன்று கேட்டிருந்தார். மாமனார் காலத்து நெகடிவ் நாலு டப்பா பரணில் கிடக்கிறதாம், பழைய சாமான்காரர் எடைக்குக் கேட்கிறாராம். கறுப்பு வெள்ளை நெகடிவில் கொஞ்சம் வெள்ளி உண்டு, அதற்காகத்தான் கேட்கிறார். கொடுத்துவிடாதீர்கள்! புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, நம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்திருக்கிறது. உங்கள் டப்பாவிலும் ஊரே இருக்கும். முதலில் பரணிலிருந்து இறக்குங்கள், தகர ஷீட்டுக்கு அடியில் இருக்கிற சூடு ஆகாது. புளித்த காடி வாசம் அடிக்கிற சுருளைத் தனியாக வையுங்கள், அது கெட ஆரம்பித்துவிட்டது. மற்றவற்றை ஓரத்தில் மட்டும் பிடித்து, பிளாஸ்டிக்கில் அடைக்காமல், ஒவ்வொன்றாகக் காகித உறையில் போட்டு, உறை மேல் வருஷமும் பெயரும் தெரிந்தவரை பென்சிலால் எழுதுங்கள். மாமனாரோடு வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். இருபது முப்பது தேறியதும் பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் எந்த வருஷம், எந்த விசேஷம் என்று எழுதி, "உங்கள் வீட்டுப் படமும் எங்களிடம் இருக்கலாம், உள்ளே வந்து பாருங்கள்" என்று ஒரு அட்டை தொங்க விடுங்கள். தாத்தா பாட்டி கல்யாணப் படம் கிடைத்தால் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்ட என்ன விலை என்று அதிலேயே எழுதிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி மார்கழிக்குள் முடித்துவிடுவது நல்லது.