மாடி டேங்க் உள்ள வீட்டுக்கு எந்த சோலார் ஹீட்டர்?

‘மாடியில் தண்ணீர் டேங்க் உள்ள ஒரு தள வீடு. இரண்டு கறவை மாடுகள். குளிக்கவும் பால் பாத்திரம் கழுவவும் வெந்நீர் வேண்டும். சோலார் வாட்டர் ஹீட்டரில் பிரஷர், நான்-பிரஷர் என்று இரண்டு வகை இருப்பதாகக் கடையில் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? பிரஷர் பம்ப் அவசியமா?’
- வாசகர், திருமழிசை.

இரண்டுமே நல்ல வகைதான். ஹீட்டருக்குள் தண்ணீர் எந்த அழுத்தத்தில் நுழைகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊர்களில் குடிநீர்க் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருவதில்லை. போர்வெல் தண்ணீரும் டேங்கில் ஏறித்தான் வீட்டுக்குள் இறங்குகிறது. 10 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும் தண்ணீருக்கு, சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் இருக்கும். ஒரு தள வீட்டில் டேங்குக்கும் ஷவருக்கும் உயர வித்தியாசம் 3 மீட்டர் என்றால், அழுத்தம் 0.3 கிலோதான். பக்கெட்டில் பிடித்துக் குளிக்கவும், பால் கேன் கழுவவும் இது தாராளம். ஷவரில் மட்டும் தண்ணீர் மெதுவாக விழும். இப்படிப்பட்ட வீட்டுக்கு நான்-பிரஷர் வகையே போதும், விலையும் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. குளிர்நீர் டேங்கின் அடிப்பாகம், ஹீட்டரின் வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தளத்திலிருந்து 7 அடி உயரம் தேவைப்படும். அடுத்து, ஹீட்டரின் மேலே நிற்கும் ‘ஏர் வென்ட்’ குழாய். இதன் வாய் டேங்கின் நீர்மட்டத்தைவிட உயரத்தில், எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர் வழிகிறதே என்று அதை அடைத்துவிட்டால், சூட்டில் விரியும் தண்ணீருக்கும் நீராவிக்கும் போக்கிடம் இல்லாமல் தொட்டி வெடிக்கலாம்.

நான்-பிரஷர் ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் குழாயில் பிரஷர் பம்ப் மாட்டவே கூடாது. வென்ட் வழியாகத் தண்ணீர் பீய்ச்சும். கண்ணாடிக் குழாய்களின் ரப்பர் வளையங்கள் கசியும். பாத்ரூமின் குளிர்நீர்க் குழாயில் மட்டும் பம்ப் இருந்தாலும் சிக்கல்தான். மிக்ஸர் டேப்பைத் திறந்ததும், வேகமாக வரும் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். அங்கே ஒருவழி வால்வு (என்.ஆர்.வி.) கட்டாயம். வீடு முழுவதற்கும் பம்ப் போடுவதாக இருந்தால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் பிரஷர் வகை ஹீட்டரையே வாங்க வேண்டும். ஷவருக்காக மட்டும் என்றால், பம்பைவிட டேங்க் மேடையை உயர்த்துவது நல்லது. கரன்ட் செலவும் இல்லை, பழுதும் இல்லை.

போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால், கண்ணாடிக் குழாய் வகை ஏற்றது. குழாயைக் கழற்றி, படிந்த உப்பை அகற்றலாம். தகடு வகையின் மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

நாலு பேர் குளிக்க 100 லிட்டர் போதும். மாட்டுத் தொழுவத் தேவையையும் சேர்த்தால் 150 லிட்டர். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க, மின்சாரம் என்றால் சுமார் 3.5 யூனிட் ஆகும். வெயில் உள்ள நாட்களில் அந்தச் செலவு மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மட்டும் மின் காயில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு எர்த் இணைப்பு அவசியம்.

கடைக்குப் போகுமுன் டேங்கின் உயரம், பம்ப் உண்டா இல்லையா, தண்ணீரின் உப்புத்தன்மை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். பம்ப் இருப்பவர்கள், ஹீட்டர் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.