பிடித்த பாட்டுக்கு மார்க் போடாதீர்கள்

பீட்டில்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும். "உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது?" பதில் சொன்ன கையோடு தகராறும் வந்துவிடும். "போயும் போயும் அதையா சொல்றீங்க?" சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி என்று எல்லாம் வந்து எங்கள் வயது ஆட்களை அடக்கிவிட்டன. இந்தத் தகராறு மட்டும் அடங்கவில்லை.

பீட்டில்ஸ் என்றால் யார் என்று கேட்கும் வாசகர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லிவர்பூல் ஊர்ப் பையன்கள் நான்கு பேர். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். 1962 அக்டோபரில் இவர்களது முதல் இசைத்தட்டு வந்தது. 1970இல் பிரிந்துவிட்டார்கள். நடுவில் இருந்தது ஏழெட்டு வருடம்தான். அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள். நான் காலேஜில் நுழைந்து வேலையில் சேருவதற்குள் அவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். பாட்டு மட்டும் ஐம்பது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைச் சொன்னால் அதற்கு நாம் மார்க் போடக் கூடாது. சரி, தப்பு என்று டிக் அடிக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். "முதலில் எங்கே கேட்டீங்க?"

நான் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவன். சீனியாரிட்டி லிஸ்ட் தயாரித்தே பல வருடம் போயிற்று. அந்த லிஸ்டுக்கு விதி உண்டு. வேலையில் சேர்ந்த தேதி, தேர்வில் வாங்கிய ரேங்க், ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு இறுதிப் பட்டியல். பாட்டு விஷயத்திலும் பத்திரிகைகள் இப்படித்தான் பட்டியல் போடுகின்றன. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை பீட்டில்ஸின் நூறு பாட்டுகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் 'எ டே இன் த லைஃப்' என்ற பாட்டுக்கு. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ரசிகர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்தவர் வாயை அடைக்கப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு நம் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்ட ஒரு கதையே இருக்கிறது. 1967 பிப்ரவரியில் பீட்டில்ஸ் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறு பக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்'. இரண்டுமே லிவர்பூலில் அவர்கள் சிறுவயதில் சுற்றிய இடங்கள். பென்னி லேன் ஒரு தெரு. மற்றது ஜான் வளர்ந்த வீட்டுக்கு அருகில் சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயரிலிருந்து வந்தது. இன்று விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் பாட்டுகள். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் அந்தத் தட்டு இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். 1936இல் நம் மதராசில் பிறந்தவர்! அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். ஆக, பட்டியல் அன்றைக்கு ஒன்று சொல்லிற்று, இன்றைக்கு வேறொன்று சொல்கிறது. ஐம்பது வருடம் கழித்து என்ன சொல்லும் என்று யார் கண்டார்?

அதற்காக 'ரிலீஸ் மீ' பிடித்தவர்கள் ரசனை கெட்டவர்கள் என்று அர்த்தமா? அந்த மார்ச் மாதம் லண்டனில் யாரோ ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தப் பாட்டு கேட்டிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

நமக்கு ஒரு பாட்டு பிடிப்பதில் பாதி நம் கையில் இல்லை. எந்தத் தட்டு நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. 'ரப்பர் சோல்' என்று ஓர் ஆல்பம், 1965 டிசம்பரில் வந்தது. இங்கிலாந்தில் வாங்கியவருக்கு அது 'டிரைவ் மை கார்' பாட்டோடு ஆரம்பிக்கும். அமெரிக்காவில் வாங்கியவருக்கு 'ஐவ் ஜஸ்ட் ஸீன் எ ஃபேஸ்' பாட்டோடு ஆரம்பிக்கும். அங்கே இருந்த கம்பெனி பாட்டுகளை மாற்றிப் போட்டு விற்றது. ஒரே பெயர், ஒரே மாதிரி அட்டை, உள்ளே வேறு வரிசை. இந்த இரண்டு பேரையும் உட்கார வைத்து "எது சிறந்தது?" என்று கேட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்?

எங்கள் தெருவுக்கு வந்தது மூன்றாவது வகை. பாண்டிச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் வீடு அப்போது ஒவ்வொரு தெருவிலும் உண்டு. எங்கள் தெரு சொல்தா வீட்டில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. அவர் மகன் பிரான்சிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் சின்னத் தட்டுகள் கொண்டுவருவான். அந்தக் காலத்தில் பிரான்சில் தட்டுக்கு நான்கு பாட்டு வைத்து, அழகான படம் போட்ட உறையில் விற்பதுதான் வழக்கம். 1964 தொடக்கத்தில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பீட்டில்ஸ் கிட்டத்தட்ட மூன்று வாரம் பாடினார்கள். அதே நிகழ்ச்சியில் சில்வி வார்த்தானும் பாடினார். ஆகவே அந்த வீட்டில் சில்வி வார்த்தான், ஜானி ஹாலிடே தட்டுகளுக்கு நடுவில் பீட்டில்ஸும் இருந்தார்கள். அவன் எந்த நாலு பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தானோ, அதுதான் எங்களுக்கு பீட்டில்ஸ். மற்றதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் என்னுடைய பாட்டு 'மிஷேல்' என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துவிடுவார்கள். அதில் பிரெஞ்சு வார்த்தைகள் வருகிறதல்லவா! மெக்கார்ட்னியின் நண்பர் ஒருவருடைய மனைவி பிரெஞ்சு ஆசிரியை; அவரைக் கேட்டுத்தான் அந்த வார்த்தைகளைப் போட்டார். இனிமையான பாட்டுதான். ஆனால் என் பாட்டு அது இல்லை.

என்னுடையது 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. 1967 ஜூன் 25ஆம் தேதி, பல நாடுகளைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்த நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பிரிட்டன் சார்பாகப் பாடிய பாட்டு. நாங்கள் தொலைக்காட்சிக்கு எங்கே போவது? பின்னால் தட்டில்தான் கேட்டோம். அது ஆரம்பிப்பதே பிரெஞ்சு தேசிய கீதமான 'லா மார்செய்யேஸ்' மெட்டில். சில விநாடிதான், பித்தளை வாத்தியங்கள் முழங்கும், உடனே பாட்டுக்குள் போய்விடும். இங்கிலாந்துக்காரன் அதை ஒரு வேடிக்கையாகக் கேட்டிருப்பான். பிரான்சில் இருப்பவனுக்குத் தன் கொடி ஞாபகம் வரும். எனக்கு ஜூலை 14. கடற்கரைச் சாலை யுத்த நினைவுச் சின்னத்தின் முன்னால் சொல்தாக்கள் மெடல்களை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்ற காட்சி. கூட்டத்தில் என் தோளைத் தட்டி "நேரா நில்லுடா" என்ற என் அப்பா. இன்றும் அந்தப் பாட்டு ஆரம்பித்தால் என் முதுகு தானாக நிமிர்கிறது. மூன்று பேர் காதில் ஒரே சில விநாடிகள், மூன்று பாட்டுகள். இதில் எதற்கு எத்தனை மார்க்?

இனி சொல்லப்போவது எங்கள் சாயங்கால ஜமாவில் நடந்தது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் வேணாம் சார்" என்றார். கடற்கரையில் தினமும் கூடுகிற நாங்கள் ஐந்து பேர். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒருநாள் பிடித்த பாட்டுப் பேச்சு வந்தபோது அவர் 'ஓப்லடி ஓப்லடா' என்றார். 1968இல் வந்த இரட்டை ஆல்பத்தில் உள்ள துள்ளல் பாட்டு. எங்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "அது குழந்தைப் பாட்டு சார்! லென்னனுக்கே அது ஆகாது, தெரியுமா?" லென்னனுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது என்பது உண்மைதான். பதிவின்போது நாள்கணக்கில் இழுத்தடித்து அவரை எரிச்சல்படுத்திய பாட்டு. தகவல் சரி. ஆனால் ஆசிரியர் அதற்குப் பிறகு பாட்டுப் பேச்சு வந்தாலே கடலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இது சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு விதி வைக்கலாமா என்று கேட்டேன். பாட்டைச் சொல்பவர் அதை எங்கே, யாரோடு கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. கிளார்க் புத்தி, எதற்கும் ஒரு விதி வேண்டும். எல்லோரும் சரி என்றார்கள்.

முதலில் பேங்கில் இருந்தவர் சொன்னார். அவருடையது 'த இன்னர் லைட்'. எந்தப் பத்துப் பாட்டுப் பட்டியலிலும் வராது. 1968இல் 'லேடி மடோனா' தட்டின் மறு பக்கத்தில் இருந்தது. ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து, நம் நாட்டு வித்வான்களை வைத்து இசையைப் பதிவு செய்துகொண்டு போனார். எங்கள் பேங்க்காரருக்கு முதல் போஸ்டிங் பம்பாயில். ஆறு பேர் தங்கிய ஒரே அறை. பக்கத்து அறைப் பையன் அந்தத் தட்டைக் காட்டி "இது நம்ம ஊர்ல வாசிச்சது" என்று சொன்னானாம். வீட்டு ஏக்கத்தில் இருந்தவருக்கு அந்த 'நம்ம ஊர்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. நான் அதுவரை அந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன்.

ஆசிரியர் முறை இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தது. அவருடைய மூத்த பையன் பேச்சு வராத பிள்ளை. எது சொன்னாலும் முகத்தில் அசைவு இருக்காது. 'ஓப்லடி ஓப்லடா' வைத்தால் மட்டும் சாப்பாட்டு மேசையில் கையால் தட்டுவான். தாளம் தப்பாது. இருபத்திரண்டு வயதில் போய்விட்டான். "அவன் என்கூடப் பேசினது அந்தப் பாட்டுலதான் சார்" என்றார்.

யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம், அன்று சிரித்தவர்தான் தன் செல்போனில் அந்தப் பாட்டை வைத்தார். ஆசிரியர் சிமெண்டுத் திட்டில் தாளம் போட்டார்.

அப்படியானால் எல்லாப் பாட்டும் ஒன்றுதானா, தரம் என்று ஒன்று கிடையாதா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. 'எ டே இன் த லைஃப்' பாட்டில் ஜார்ஜ் மார்ட்டின் வாத்தியக் குழுவை வைத்துச் செய்த வேலையும், துள்ளல் பாட்டில் உள்ள வேலையும் ஒன்றில்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் அதை எடைபோடட்டும், எழுதட்டும், நானும் ஆசையாகப் படிக்கிறேன். ஆனால் அது வேறு ஃபைல். 'எது சிறந்த பாட்டு' என்பது ஒரு ஃபைல், 'எது என் பாட்டு' என்பது இன்னொன்று. ஒரு ஃபைலில் போட வேண்டிய குறிப்பை மற்றதில் எழுதினால் என்ன ஆகும் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

நம் வயதுக்காரர்களிடம் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலையில் சேர்ந்தபோதே பி.எஃப்.புக்கும் கிராஜுவிட்டிக்கும் நாமினேஷன் எழுதிக் கொடுத்தோம். வீட்டுப் பத்திரம் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நம்முடைய பாட்டு எது என்று அவர்களுக்குத் தெரியுமா? என் மகளிடம் கேட்டுப் பார்த்தேன். "என்னப்பா, அந்த மிஷேல் பாட்டுதானே?" என்றாள்.

அன்றே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஐந்து பாட்டு, எதிரில் எந்த வீடு, யார் கூட இருந்தார்கள், என்ன வயது. ஒரு பக்கம்கூட வரவில்லை. பீட்டில்ஸ்தான் என்றில்லை. உங்களுக்கு டி.எம்.எஸ்., பி. சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் என்றால் அதையே எழுதுங்கள். வரிசை எண் மட்டும் போடாதீர்கள். முதலாவது எது, இரண்டாவது எது என்று பிறகு அதற்கும் ஒரு தகராறு வரும்.